மெத்தில் குறியும் மூட்டுநோயும்: முடக்குவாதத்தின் புறமரபியல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் பழம்பாறை, அங்கு வாழும் மக்களின் எலும்பையும் மூட்டையும் இரண்டு வழிகளில் தொடுகிறது. பாறையிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் வழியே குடிநீரில் சேர்ந்து, அதை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பற்களில் கறை படியவும் எலும்புகளும் தசைநார்களும் இறுகவும் காரணமானது முதல் வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது இந்தக் கேட்டைத் தணிப்பதற்காகவே. அதே பாறையைக் குவாரிகளில் வெட்டும்போதும், கிரஷர்களில் ஜல்லியாக உடைக்கும்போதும், கிரானைட் பட்டறைகளில் அறுத்து மெருகேற்றும்போதும் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் நுழைவது இரண்டாவது வழி. முதல் வழியால் வரும் மூட்டுவலியைத் தண்ணீரின் வேதியியலைக் கொண்டே விளக்கிவிட முடியும். இரண்டாவது வழியால் கூடும் மூட்டுநோயை விளக்க, மனிதச் செல்லின் உட்கருவுக்குள் மரபணுக்கள் எவ்வாறு இயக்கவும் அடக்கவும் படுகின்றன என்பதை அறிய வேண்டியிருக்கிறது.

ஓசூர் வட்டாரத்தில் மூட்டுவலி என்று மருத்துவரிடம் செல்பவர்களின் நோய் ஒரே வகையினதாக இருப்பதில்லை. வயதாலும் உடல் எடையாலும் முழங்கால் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. ஃபுளோரைடால் முதுகெலும்பு இறுகுவது ஒன்று. 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியாவைப் போன்ற வைரஸ் காய்ச்சல்களுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவீக்கம் ஒன்று. இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுவையே அயலானாகக் கருதித் தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்பர். முடக்குவாதத்தில் அந்தத் தாக்குதலின் முதன்மை இலக்கு மூட்டு, லூபஸ் நோயிலோ தோல், சிறுநீரகம், ரத்தம் என்று பல உறுப்புகள். தில்லியை அடுத்த ஊரகப் பகுதியில் மாளவியா குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. புனேக்கு அருகே பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ரா 1996இல் தொடங்கிய கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 0.5 சதவீதமாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18.8 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் வயது வந்தோர் 12 லட்சம் பேர் என்று கொண்டு, இவ்விரண்டில் குறைந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தாலும் சுமார் 6,000 பேர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கு வருகிறது.

இந்நோய் ஒருவருக்கு வந்து மற்றொருவருக்கு வராமல் போவது ஏன் என்ற கேள்விக்கு மரபு மட்டும் விடையாகாது. ஒரே கருவிலிருந்து பிறந்து, ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் அது வருவது, 1993இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின்படி, 100 இணைகளில் 15 அளவுக்கே. எஞ்சிய 85 இணைகளில் மரபணு எழுத்துகள் ஒன்றாக இருந்தும் நோய் ஒருவரோடு நின்றுவிடுகிறது. எழுத்து மாறாமலேயே அதன் இயக்கம் மாற முடியும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முதல் குறிப்பு. அந்த மாற்றங்களை ஆராயும் துறைக்குப் புறமரபியல் என்று பெயர். அத்துறையில் மிக நெடுங்காலமாகவும் மிக விரிவாகவும் ஆராயப்பட்டுள்ள நிகழ்வு டி.என்.ஏ. மெத்திலேற்றம்.

மெத்திலேற்றம் நிகழும் விதம்

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 300 கோடி எழுத்து இணைகளைக் கொண்ட டி.என்.ஏ. தொகுப்பு இருக்கிறது, அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அந்த எழுத்துகள். கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே தொகுப்புதான் என்றாலும், கல்லீரலில் இயங்கும் மரபணுக்கள் பல மூளையில் அடங்கிக் கிடக்கின்றன. இந்த அடக்கத்துக்கு உதவும் பொறிமுறைகளில் ஒன்று, ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் தொகுதி, சைட்டோசினின் ஐந்தாம் கார்பனில் போய் ஒட்டிக்கொள்வது. சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது, மனித டி.என்.ஏ.வில் அத்தகைய இடங்கள் ஏறத்தாழ 2.8 கோடி உள்ளன, அவற்றில் 70 முதல் 80 சதவீதம் மெத்தில் ஏற்றப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடமாகிய தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் அடர்ந்தால், படிக்க வரும் புரதங்கள் அங்கே அமர முடியாமல் போகும், அல்லது டி.என்.ஏ.வை இறுகச் சுருட்டும் வேறு புரதங்கள் அங்கே ஈர்க்கப்படும். இரண்டில் எது நடந்தாலும் மரபணு அடங்கிவிடும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் பழுது பார்க்கும் இயந்திரத்தின் சுவிட்சில் பூட்டை மாட்டி அட்டை தொங்கவிடுவார்கள். இயந்திரத்தின் பாகங்களில் எந்த மாற்றமும் இராது, ஆனால் பூட்டை எடுக்கும்வரை அது ஓடாது. தொடக்கப் பகுதியில் படியும் மெத்தில் குறியின் வேலையும் இத்தகையதே.

இந்தக் குறிகள் செல் பிரியும்போது அழிந்துபோவதில்லை. செல் இரண்டாகும்போது புதிதாக உருவாகும் டி.என்.ஏ. இழையில் மெத்தில் குறி இராது என்பதால், பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் குறியிடும் பணியை டிஎன்எம்டி1 என்னும் நொதி செய்கிறது. முன்பு குறியில்லாத இடங்களில் புதிதாகக் குறியிடுபவை டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி ஆகிய நொதிகள். இவ்வாறு செல்லின் நினைவு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படலாம் என்ற கருத்தை ஆர்தர் ரிக்ஸ் ஒருபுறமும், ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் மறுபுறமுமாக 1975இல் தனித்தனியே முன்வைத்தனர். குறியை நீக்கும் வழி நெடுநாள் புதிராகவே இருந்தது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய அஞ்சனா ராவின் ஆய்வுக்கூடத்தில், டெட் எனப்படும் நொதிக் குடும்பம் மெத்தில் தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து, அது நீங்குவதற்கு வழிவகுக்கிறது என்பது 2009இல் கண்டறியப்பட்டது. இடவும் நீக்கவும் நொதிகள் இருப்பதால் மெத்தில் குறி நிலையானதாகவும் அதே வேளையில் மாற்றத்தக்கதாகவும் இருக்கிறது. தன்னுடல் தாக்குநோய்களில் அதன் பங்கு தொடங்குவது இந்த இரட்டை இயல்பிலிருந்துதான்.

தடை தளரும்போது டி செல்கள்

மெத்தில் குறிகள் குறைந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன நேரும் என்பதை நேரடியாகச் சோதித்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் ரிச்சர்ட்சன். மெத்தில் ஏற்றும் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் 5-அசாசைட்டிடின் என்னும் மருந்தை அவர் டி செல்கள் மீது செலுத்திப் பார்த்தார். டி செல்கள் என்பவை, அயற்பொருளை அடையாளம் கண்டு மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் வெள்ளணுக்கள். அயற்பொருள் முன்னிறுத்தப்பட்டால் மட்டுமே கிளர்ந்தெழ வேண்டிய அச்செல்கள், மெத்தில் குறிகளை இழந்த பின் அயற்பொருள் ஏதும் இல்லாதபோதே உடலின் சொந்தச் செல்களைக் கண்டு கிளர்ந்தெழுந்தன. 1986இல் வெளியான இம்முடிவைத் தொடர்ந்து, லூபஸ் நோயாளிகள், முடக்குவாத நோயாளிகள் ஆகிய இரு சாராரின் டி செல்களிலும் மெத்திலேற்றம் குறைந்திருப்பதை அவர் குழு 1990இல் பதிவு செய்தது.

இந்த ஆய்வுத் தொடரின் மிக வலுவான சான்று மருந்தகத்திலிருந்தே கிடைத்தது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலசின், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சரிசெய்யும் புரோக்கைனமைடு ஆகிய இரு மருந்துகளையும் நெடுநாள் உட்கொண்டவர்களில் சிலருக்கு லூபஸை ஒத்த நோய் தோன்றுவதும், மருந்தை நிறுத்தினால் அது தணிவதும் மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்த செய்தி. வேதியமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு மருந்துகளும் டி செல்களில் மெத்திலேற்றத்தைத் தடுக்கின்றன என்று 1988இல் காட்டப்பட்டது. புரோக்கைனமைடு மெத்தில் ஏற்றும் நொதியை நேரடியாகத் தடுக்கிறது, ஹைட்ரலசின் அந்த நொதியை உருவாக்கச் சொல்லும் சமிக்ஞைப் பாதையை மட்டுப்படுத்துகிறது. புரோக்கைனமைடிலோ 5-அசாசைட்டிடினிலோ ஊறிய டி செல்களை அதே இனத்தைச் சேர்ந்த ஆரோக்கியமான எலிகளுக்குள் செலுத்தியபோது, அந்த எலிகளுக்கு லூபஸை ஒத்த நோய் உண்டாயிற்று என்று 1993இல் வெளியான ஆய்வு கூறியது. குறியிழப்பு நோயோடு சேர்ந்து காணப்படுவதோடு நில்லாமல் நோயை உண்டாக்கவும் கூடும் என்பதற்கு, குறைந்தபட்சம் எலியிலாவது, அது சான்றானது.

தன்னுடல் தாக்குநோய்கள் பெண்களை மிகுதியாகத் தாக்குவதற்கும் இங்கே ஒரு பகுதி விளக்கம் கிடைக்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரும், முடக்குவாத நோயாளிகளில் நான்கில் மூவரும் பெண்கள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதால், அவற்றுள் ஒன்று கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே அடக்கப்பட்டு, மெத்தில் குறிகளின் துணையோடு வாழ்நாள் முழுவதும் அந்நிலையிலேயே வைக்கப்படுகிறது. டி செல்கள் பிற எதிர்ப்புச் செல்களைத் தூண்டப் பயன்படுத்தும் சிடி40 இணைப்புப் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. லூபஸ் உள்ள பெண்களின் டி செல்களில், அடங்கியிருக்க வேண்டிய எக்ஸிலும் அந்த மரபணுவின் மெத்தில் தடை தளர்ந்து, புரதம் அளவுக்கு மீறி உருவாவது 2007இல் கண்டறியப்பட்டது. மின்னணுச் சாதனங்களையும் மின்வாகனங்களையும் உருவாக்கும் ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் பணிபுரியும் ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில், பெண்களின் வேலைசெய்யும் வயதிலேயே தலைகாட்டும் இந்நோய்களைப் பற்றிய அறிதல் தொழில்நலத்தின் ஒரு பகுதியாகவே கருதத் தக்கது.

மூட்டின் உட்சவ்வில் தங்கிவிடும் நினைவு

நலமான மூட்டின் உட்சவ்வு ஒன்றிரண்டு செல் அடுக்குகள் மட்டுமே கொண்ட மெல்லிய படலம். மூட்டுக்கு மசகாகும் நீர்மத்தைச் சுரப்பது அதன் வேலை. முடக்குவாதத்தில் அது தடித்து, ரத்த நாளங்கள் மலிந்த திசுவாக வளர்ந்து, குருத்தெலும்பின் மீது படர்ந்து அதையும் அடியிலுள்ள எலும்பையும் அரிக்கிறது. இந்த அரிப்பைச் செய்வதில் எதிர்ப்பு மண்டலத்தின் செல்களுக்கு மட்டுமன்றி, சவ்வையே கட்டியெழுப்பும் நார்ச்செல்களுக்கும் பங்குண்டு. எதிர்ப்புத் திறன் அறவே இல்லாத எலிகளின் உடலில் நலமான மனிதக் குருத்தெலும்பையும் முடக்குவாத நோயாளியின் நார்ச்செல்களையும் சேர்த்துப் பதித்தபோது, தூண்டிவிட எந்த டி செல்லும் அருகில் இல்லாத நிலையிலும் அந்த நார்ச்செல்கள் குருத்தெலும்பைத் துளைத்துச் சென்றதை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியின் உடலை விட்டு நீங்கிய பின்னும் அச்செல்கள் தம் மூர்க்கத்தை மறக்கவில்லை என்றால், அந்த நினைவு செல்லுக்குள்ளேயே எங்கோ பதிந்திருக்க வேண்டும்.

சூரிச் நகர ஆய்வாளர்கள் 2009இல் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினர்: முடக்குவாத நார்ச்செல்களில் டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகள் ஒட்டுமொத்தமாகக் குறைந்திருந்தன. நலமான நார்ச்செல்களின் குறிகளை மருந்தால் குறைத்தபோது அவையும் நோயாளியின் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்கின. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கேரி ஃபயர்ஸ்டீன் குழுவினர் மெத்தில் வரைபடத்தை இடம் இடமாக அளந்து, மாற்றம் தாறுமாறாகச் சிதறிக் கிடக்காமல், செல்களின் நகர்வு, ஒட்டுதல், அழற்சி ஆகியவற்றை நடத்தும் மரபணுக்களின் அருகே திரண்டிருப்பதைக் கண்டனர். அவர்களின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மேலும் ஒன்றை வெளிப்படுத்தியது: முடக்குவாத நோயாளிகளின் இடுப்பு மூட்டிலிருந்து எடுத்த நார்ச்செல்களுக்கும் முழங்கால் மூட்டிலிருந்து எடுத்தவற்றுக்கும் இடையிலேயே மெத்தில் அமைப்பு வேறுபட்டது. ஒரே மருந்து ஒரே நோயாளியின் ஒரு மூட்டில் நன்றாக வேலை செய்து, மற்றொரு மூட்டில் அவ்வளவாகப் பலிக்காமல் போவதற்கு இத்தகைய வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம்.

மரபும் புகையும் தூசியும் சந்திக்கும் இடம்

முடக்குவாதத்தின் மிக வலுவான மரபுக்கூறு ஆறாம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களில் இருக்கிறது. எந்தப் புரதத் துணுக்கை டி செல்லின் பார்வைக்கு வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களை உருவாக்குபவை அவை. அவற்றின் சில வகைகள் ஒரு பொதுவான அமினோ அமில வரிசையைப் பகிர்ந்துகொள்வதையும், அந்த வரிசை உடையவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதையும் பீட்டர் கிரிகர்சன் குழுவினர் 1987இல் எடுத்துக்காட்டினர். சுவீடனில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வுத் திட்டம் இந்த மரபுக்கூற்றைப் புகைப்பழக்கத்தோடு சேர்த்து அளந்தது. புகைபிடித்தால் நுரையீரலில் சில புரதங்களின் அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மாறிய புரதத்தை அயற்பொருளாகக் கருதி உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. இன்று ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-சிசிபி என்று தேடப்படுவது இந்த எதிர்ப்பொருள்களே. அந்த மரபுக்கூற்றின் இரு பிரதிகளையும் பெற்றிருந்து புகையும் பிடிப்பவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட, எதிர்ப்பொருள் காணப்படும் வகை முடக்குவாதம் வரும் இடர் 21 மடங்கு என்று 2006இல் அத்திட்டத்தினர் கணக்கிட்டனர்.

தூசியின் கதை இதைவிடப் பழையது. வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் முடக்குவாதம் உடையவர்களின் நுரையீரலில் தனித்தன்மை கொண்ட முடிச்சுகள் தோன்றுவதை அந்தோணி காப்ளன் 1953இல் விவரித்தார்; தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தோலை இறுக்கும் தன்னுடல் தாக்குநோய் மிகுந்திருப்பதை எராஸ்மஸ் 1957இல் பதிவு செய்தார். சுவீடனின் அதே திட்டம் பிற்காலத்தில் பாறை துளைத்தல், கல் உடைத்தல் முதலிய தொழில்களில் சிலிக்காவைச் சுவாசித்த ஆண்களுக்கு முடக்குவாத இடர் கூடுவதைக் கண்டது. சிலிக்காவுக்கு ஆட்பட்டுப் புகையும் பிடிப்பவர்களிடம் எதிர்ப்பொருள் காணப்படும் வகை முடக்குவாதத்தின் இடர் ஏறத்தாழ 7 மடங்காக, இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வரும் அளவையும் விஞ்சியதாக இருந்தது என்று 2010இல் அறிவித்தது. தமிழர்களும் வாழும் மலேசியாவில் இதே முறையில் நடந்த ஆய்வு, துணி ஆலைத் தூசிக்கு ஆட்பட்ட பெண்களுக்கு இந்நோயின் இடர் ஏறத்தாழ 3 மடங்கு என்று 2016இல் வெளியிட்டது. பஞ்சாலையும் பின்னலாடையும் பெருகிய தமிழ்நாட்டுக்கு அந்த முடிவு அயலானதன்று.

மெத்திலேற்றம் இந்தச் சந்திப்பில் வகிக்கும் இடத்தை ஆராய்ந்த முதன்மையான ஆய்வு 2013இல் வெளியானது. சுவீடன் திட்டத்தைச் சேர்ந்த 354 நோயாளிகளின் ரத்தத்தையும் 337 நலமானவர்களின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து மெத்தில் குறிகளை அளந்தன. ரத்தம் என்பது பல வகை வெள்ளணுக்களின் கலவை. நோயாளியின் ரத்தத்தில் ஒரு வகை அணு கூடி மற்றொன்று குறைந்தாலே, எந்தச் செல்லிலும் குறி மாறாதபோதும், மாறியது போன்ற தோற்றம் உண்டாகும். அந்த மயக்கத்தைக் கணக்கிட்டு நீக்கிய பின் எஞ்சிய வேறுபாடுகளைப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஆறாம் குரோமோசோமின் எச்.எல்.ஏ. பகுதியிலேயே இரண்டு திரள்களாக அமைந்திருந்தன. பெற்றோரிடமிருந்து வந்த மரபெழுத்து தன் தீங்கை ஓரளவேனும் மெத்தில் குறி வழியாகவே நிறைவேற்றுகிறது என்று கொள்ள அது இடமளித்தது. சுற்றுச்சூழலின் தரப்பிலோ மிக உறுதியான சான்று புகையிலைக்கே உண்டு: புகைப்பவர்களின் ரத்தத்தில், நச்சுப் பொருள்களைக் கையாள்வதில் தொடர்புடைய ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மெத்தில் குறி தெளிவாகக் குறைகிறது, புகைப்பதை நிறுத்தியவர்களிடம் அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருமளவு மீள்கிறது. சிலிக்காவுக்கு அந்த அளவுக்கு உறுதியான மெத்தில் சான்று இன்னும் நிறுவப்படவில்லை. நுரையீரலின் விழுங்கு செல்கள் கரையாத அந்தத் துகளை விழுங்கிச் சிதைந்து, ஓயாத அழற்சியை மூட்டி, எதிர்ப்பு மண்டலத்தைத் தொடர்ந்து உசுப்புவதே அதன் முதன்மை வழியாகக் கருதப்படுகிறது.

காரணமா, விளைவா

நோயாளியின் செல்லில் காணப்படும் மெத்தில் மாற்றம் நோயைத் தந்ததா, நோய் தந்ததா, நோய்க்கு உண்ட மருந்து தந்ததா என்று பிரித்தறிவதே இத்துறையின் மையச் சிக்கல். இரட்டையர் ஆய்வுகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன, ஏனெனில் அங்கே மரபெழுத்து ஒன்றாகவே இருப்பதால் வேறுபாட்டுக்குச் சூழலும் நோயுமே பொறுப்பாகின்றன. ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத இரட்டையரை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், லூபஸ் இணைகளில் மெத்தில் குறிகள் குறைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. முடக்குவாத இணைகளிலோ அத்தகைய தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. 79 முடக்குவாத இணைகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, சராசரி அளவைக் காட்டிலும் குறிகளின் ஏற்ற இறக்கமே நோயுள்ளவர்களிடம் மிகுந்திருப்பதாகக் கூறியது. ரத்தத்தில் மங்கலாகத் தெரியும் மாற்றம் மூட்டுச் சவ்வில் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், மெத்திலேற்றம் ஒரே ஒரு மூலகாரணம் என்றோ வெறும் நோயடையாளம் என்றோ கொள்வது இரண்டும் பொருந்தாது. மரபும் சூழலும் தொடங்கி வைத்த அழற்சியை, அந்தத் தூண்டல் குறைந்த பின்னும் செல்கள் கைவிடாமல் பிடித்துவைக்கும் ஊடகம் என்று அதைக் கொள்வதே இதுவரையிலான சான்றுகளுக்கு நெருக்கமானது.

மருந்தின் வழியில் ஒரு திருப்பம்

மெத்தில் தொகுதி வெளியிலிருந்து வரும் பொருள். கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள ஃபோலேட்டும், பால், முட்டை, இறைச்சியிலுள்ள பி12 வைட்டமினும் பங்குபெறும் வேதிச் சுழற்சியில் எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்னும் பொருள் உருவாகி, அதுவே மெத்தில் தொகுதியை டி.என்.ஏ.வுக்கு வழங்குகிறது. முடக்குவாதத்துக்கு இன்று உலகெங்கும் முதல் மருந்தாகத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், வியப்புக்குரிய வகையில், ஃபோலேட்டின் செயலைத் தடுக்கும் மருந்து. அதன் பிறப்பில் சென்னைக்கும் பங்குண்டு: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினருடன் 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினார், அதன் எதிரிப்பொருள்களும் அந்த ஆய்வகத்திலேயே உருவாயின. முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அந்த மருந்துக் குடும்பத்தின் மெத்தோட்ரெக்ஸேட், மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கு ஏற்றது என்று அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது 1988இல்.

ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்து மெத்தில் குறிகளைக் குறைத்து நோயை முற்ற வைக்க வேண்டும் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களின் டி செல்களிலும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களிலும் குறைந்திருந்த மெத்திலேற்றம், மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொண்டவர்களிடம் மீண்டும் உயர்ந்தது என்று 2015இல் வெளியான ஸ்பானிய ஆய்வு கண்டது. அழற்சி அடங்குவதே குறிகள் மீள்வதற்கு வழிசெய்கிறது என்பது அதற்குப் பொருத்தமான விளக்கம். அதே காலத்தில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில், அவற்றின் தலைமை மரபணுவான ஃபாக்ஸ்பி3இன் அருகே படிந்திருந்த தேவையற்ற மெத்தில் குறியை இம்மருந்து குறைத்து அச்செல்களின் திறனை மீட்டது என்று காட்டியது. ஒரே மருந்து ஓரிடத்தில் குறி ஏறவும் வேறோரிடத்தில் குறி இறங்கவும் துணைபுரிவதிலிருந்து, உடல் முழுவதும் மெத்திலை ஏற்றும் மாத்திரையோ இறக்கும் மாத்திரையோ முடக்குவாதத்துக்குத் தீர்வாகாது என்பது விளங்கும். வைட்டமின் மாத்திரைகளால் மரபணுவைச் சீர்செய்துவிடலாம் என்ற விளம்பரங்களை ஒதுக்குவதற்கும் இதுவே காரணம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ளத் தக்கது, நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதும் இம்மருந்தைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்திகளில் ஒன்று. புதுச்சேரி ஜிப்மரில், தென்னிந்தியத் தமிழர்களிடையே இம்மருந்து பலிப்பதும் பலிக்காமல் போவதும் ஃபோலேட் சுழற்சியின் மரபணு வேறுபாடுகளோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்று ஆராய்ந்திருப்பதும் இத்தொடரில் குறிப்பிடத் தக்கது.

எல்லைப்புறத் தொழில் வட்டாரத்துக்கான பொருள்

மெத்தில் குறிகளை அளந்து முடக்குவாதத்தைக் கண்டறியும் பரிசோதனை இன்னும் மருத்துவமனை வழக்கத்துக்கு வரவில்லை. விரல்களின் நடுக்கணுக்களும் மணிக்கட்டுகளும் இருபுறமும் ஒத்தாற்போல வீங்குவதும், காலையில் எழுந்தவுடன் கை மடங்காமல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விறைத்திருப்பதும், அது ஆறு வாரங்களுக்கு மேல் நீடிப்பதுமே இன்றளவும் முதல் அடையாளங்கள். அவற்றோடு ஆன்டி-சிசிபி பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சேர்ந்தால் ஃபுளோரைடு நோயையும் தேய்மானத்தையும் பிரித்தறிந்துவிடலாம். செல்களில் அழற்சியின் நினைவு ஆழப் பதிவதற்கு முன் மருத்துவம் தொடங்குவதே நலம் என்று மருத்துவர்கள் அனுபவத்தால் கண்டதற்கு, நார்ச்செல்களின் மெத்தில் நினைவு ஓர் அறிவியல் அடிப்படையைத் தருகிறது. வலி மாத்திரையில் ஓராண்டைக் கழித்துவிட்டுப் பெங்களூருவுக்கோ வேலூருக்கோ செல்லும் தொழிலாளிக்கு இழப்பாவது அந்த முதல் ஆண்டுதான்.

தடுப்பைப் பொறுத்தவரை, ஓசூர் வட்டாரத்தில் கைக்கு எட்டும் காரணிகள் புகையும் தூசியுமே. கண்ணுக்குத் தெரியும் வெண்தூசியைவிட, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கிலும் சிறிய, கண்ணுக்குத் தெரியாத துகளே நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கிறது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுப்பதில்லை. அறுக்கும் வட்டின் மீது தொடர்ந்து நீர் பாய்ச்சுவதும், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுப்பதும், மணல் அச்சில் உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளில் அச்சை உடைக்கும் பகுதியைத் தனியே அடைப்பதும், இவற்றுக்குப் பின்னும் எஞ்சும் தூசிக்குத் தரமான சுவாசக் கவசம் தருவதும் என்ற வரிசையில்தான் காப்பு அமைய வேண்டும். தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸை அறிவிக்கத் தக்க தொழில்நோயாகச் சேர்த்திருந்தது. முடக்குவாதத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே கல்லறுக்கும் தொழிலாளியின் விரல்கள் வீங்கும்போது அது அவருடைய தனிப்பட்ட நோயாகவே பதிவாகிறது, அவர் எந்தத் தொழிலில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற கேள்வி மருத்துவச் சீட்டில் இடம்பெறுவது அரிது. பிற மாநிலங்களிலிருந்து வந்து குவாரியில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பிச் செல்பவர்களும், தமிழ்நாட்டில் வேலை செய்து கர்நாடகத்தில் மருத்துவம் பார்ப்பவர்களும் நிறைந்த எல்லைப்புறத்தில், நோயும் அதன் காரணமும் இரு வேறு மாநிலங்களின் ஏடுகளில் சிதறிப் போகின்றன.

மெத்திலேற்ற ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிறுவியிருப்பவற்றுள் பொதுமக்களுக்கு மிகவும் பயன்படுவது, பிறவியில் வந்த மரபெழுத்து நோயை முழுதாக விதிப்பதில்லை, அது இயங்கும் சூழலும் சேர்ந்தே விதிக்கிறது என்பது. எச்.எல்.ஏ. மரபணுவை யாரும் மாற்றிக்கொள்ள முடியாது. அதோடு சேர்ந்து இடரைப் பன்மடங்காக்கும் பீடிப் புகையையும் கல் தூசியையும் குறைக்க முடியும். மூட்டுவலியோடு வரும் ஒவ்வொருவரிடமும் செய்த தொழிலையும் அதில் கழித்த ஆண்டுகளையும் கேட்டு எழுதிவைக்கும் வழக்கத்தை ஓசூர், கிருஷ்ணகிரி மருத்துவமனைகளும் தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகங்களும் கைக்கொண்டால், இந்த வட்டாரத்தில் தூசிக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை அளப்பதற்கான தரவு சில ஆண்டுகளிலேயே திரண்டுவிடும். மெத்தில் குறிகளை அளக்கும் ஆய்வு பின்னர் இங்கே நடக்குமானால், அது தொடங்க வேண்டியதும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான்.